சமநிலத்தில் எழுந்த நகரம்

தானா ராத்தா என்னும் மலாய்ப் பெயருக்குச் சமநிலம் என்பது பொருள். மலைகளுக்கிடையே கிடைத்த சிறு சமவெளிக்கு அப்பெயர் பொருந்தியது. இன்று அங்கும் அதனையடுத்த பிரிஞ்சாங்கிலும் அடுக்குமாடிகள் சரிவுகளின் மீதும் ஏறி நிற்கின்றன. இவ்வளர்ச்சியைத் தேயிலைத் தோட்டத் தமிழர் எவ்வாறு நோக்குகின்றனர் என்பதை அறிய, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலையைக் கண்டு எழுதினார். அவர் இதனைக் 'கண்டுபிடித்தார்' என்று நூல்கள் கூறும். அவருக்கு நெடுங்காலம் முன்பே செமாய்ப் பூர்வகுடியினர் இங்கு வாழ்ந்து வந்தனர் என்பது வேறு செய்தி! 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து, மலைவாசத்தலம் அமைக்கலாம் எனக் கருதினார். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து வரும் சாலை 1931 அளவில் தானா ராத்தாவை எட்டியது. 1933இல் பாரத் தோட்டம் தோன்றியது.

காடழித்து, சரிவுகளில் கன்று நட்டுக் கொழுந்து பறித்தவர்களுள் பெரும்பாலோர் தமிழரே. உதவிபெற்றுக் கூலிக்கு வருவதை இந்திய அரசு 1938இல் தடை செய்த பின்னர், வந்தவர்களின் பிள்ளைகளே தோட்டத்தின் தொழிலாளர் ஆயினர். லயத்து வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி என அவர்களின் உலகம் தோட்டத்துக்குள்ளேயே அமைந்தது. பட்டணம் என்பது சம்பள நாளில் சென்று வரும் இடம். அவ்வளவே.

1963 அளவில் ரிங்லெட் அருகே மின்னுற்பத்திக்காகச் சுல்தான் அபு பக்கார் அணை எழுந்தது. பின்னர்க் காய்கறிப் பண்ணைகள் பெருகின. நெகிழித்தாள் கூரைகள் பள்ளத்தாக்குகளை மூடின. சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு அமைந்த புதிய சாலை, ஈப்போவை மிக அருகில் கொண்டு வந்தது. விடுமுறை நாள்களில் வாகனங்கள் பல கல் தொலைவுக்கு நின்று நகர்கின்றன. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோர் அவ்வரிசையில் படும் துன்பத்தை விருந்தினர் அறியார்.

பழைய குளிர் இப்போது இல்லை என்பது முதியோர் அனைவரும் சொல்லும் குறை. குளிரைவிட ஆழமான அச்சமொன்றும் உண்டு. 2013 அக்டோபர் 23ஆம் நாள் பெருமழையின்போது அணைநீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது, உயிர்கள் பலியாயின. மேலே மண்ணை வெட்டினால் அது கீழே அணையில் வந்து படிகிறது; நீர் கொள்ளும் இடம் குறுகுகிறது. இந்த எளிய கணக்கை அன்று ஊரே உணர்ந்தது.

எனினும், வளர்ச்சியை வெறுப்பவர் என்று தோட்டத்தாரைச் சொல்லிவிட இயலாது. விடுதிகளிலும் கடைகளிலும் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. சிலர் சொந்தமாக வண்டியும் கடையும் வைத்தனர். கொழுந்து பறிக்கக் கத்தரியும், பிறகு இருவர் தாங்கிச் செல்லும் பொறியும் வந்துவிட்டன. தோட்ட வேலைக்கு இப்போது அயல்நாட்டார் வருகின்றனர். மழையில் கூடை சுமந்த தாய், தன் மகள் அதே சரிவில் ஏற வேண்டும் என விரும்புவாளா?

உண்மையான மனக்குறை வீட்டைப் பற்றியது. லயத்து வீடு வேலையோடு பிணைந்தது. ஓய்வு பெற்றால் அதனை விட்டு வெளியேற நேரிடும். பட்டணத்திலோ, விருந்தினருக்காக எழுந்த மாடிகளின் விலை தோட்டச் சம்பளத்துக்கு எட்டாதது. ஆகவே பலர் தாப்பாவுக்கும் ஈப்போவுக்கும் இறங்கிவிட்டனர். அவர்களுள் பலர் திருவிழாவுக்கு மலையேறி வருகின்றனர். அந்த இரண்டு நாள்களுக்கு அவர்களும் வாடகை விடுதியில் அறை தேடுகின்றனர்.