சேதுப் பாதையின் சத்திரங்கள்

காசி, இராமேசுவர யாத்திரையைக் கால்நடையாகவே முடித்துவந்த காலத்தில், தஞ்சையிலிருந்து இராமேசுவரத்துச் சேதுவுக்குப் போகும் பாதையில் தூரத்தைக் காதக் கணக்கில் சொன்னாலும், ஜனங்கள் மனத்தில் வைத்திருந்தது, பொழுது சாய்வதற்குள் எந்தச் சத்திரத்தை எட்டலாம் என்பதைத்தான். முன்பின் அறியாத ஊரில், மடியில் காசில்லாத வழிப்போக்கன் ஒருவன் மூட்டையைத் திண்ணையில் இறக்கி, கைகால் அலம்பிக்கொண்டு இலைமுன் உட்காருவது அந்நாளில் யாரும் அதிசயிக்காத அன்றாட வழக்கம்.

அப்பாதையின் சத்திரங்களில் பல தஞ்சை மராத்திய மன்னர்கள் கட்டி, மானியம் விட்டு நடத்தியவை. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் என்று அரண்மனைப் பெண்களின் பெயர்களை அவை தாங்கி நின்றன. இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தில், குதிரையும் யானையும் இழுத்துச் செல்லும் தேரைப்போல் ஒரு பகுதியையே சிற்பிகள் அமைத்திருக்கிறார்கள்.

1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ராஜ்ய நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் ஒப்புவித்துவிட்ட சரபோஜி, 1801-இல் அவர்களுடைய பிரதிநிதியான தஞ்சை ரெஸிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், சத்திரங்களை மட்டும் தம்மிடமிருந்து பிரித்துவிட வேண்டாமென்று மன்றாடுகிறார். அவை எவ்வாறு நடந்தன என்பதை அக்கடிதமே நமக்குச் சொல்கிறது. பிராமணர் முதல் பறையர் ஈறாக வந்தவர் அனைவருக்கும், ஜோகி, ஜங்கமர், வைராகி முதலான துறவிகளுக்கும் அன்னம் உண்டு; சமைத்ததை உண்ணாத நியமமுடையவர்களுக்கு அரிசியும் சம்பாரமும் அளந்து கொடுக்கப்படும். நோயுற்றவருக்கு மருந்தும் பத்தியமும், குழந்தைகளுக்குப் பாலும் உண்டு. சத்திரத்திலேயே பிரசவித்த பெண் மூன்று மாதம் அங்கேயே தங்கலாம். வழியில் வந்து மாண்டவருக்கு அவரவர் ஜாதி ஆசாரப்படி அந்திமக் கிரியைகளும் நடந்தன. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் எவரேனும் இருந்தால் வரலாம் என்று கூவி அழைத்துவிட்டே அன்றைய அன்னதானத்தை முடிப்பார்கள். வந்தவனுக்கு இடுவது பல தேசங்களிலும் உண்டு. வராதவன் எங்கேனும் பசித்திருப்பானோ என்று இருட்டில் குரல் கொடுத்துத் தேடியதையே நான் அந்தத் தர்மத்தின் சிகரமாகக் கொள்கிறேன்.

ஜாதி வரம்புகள் அங்கும் இருந்தன. சமபந்தி நடந்ததென்று சொல்வது சரித்திரத்துக்குத் துரோகமாகும். ஆயினும், பசித்து வந்தவனை வாசலோடு திருப்பியனுப்புவதில்லை என்ற நியமம் இருந்ததை அக்காரணத்தால் மறைத்துவிடுவதும் நியாயமன்று.

1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு ரயில் வந்தது. சத்திரங்களை நடத்திவந்த தஞ்சை அரசோ, ஆண் வாரிசில்லாமல் 1855-இலேயே முடிந்துபோயிருந்தது. 1914-இல் பாம்பன் பாலமும் திறந்தபின், நாட்கணக்கில் நடந்த வழியை ஜனங்கள் வண்டியில் உட்கார்ந்தபடியே கடந்துவிட்டார்கள். நடப்பவர் குறைந்ததும் சத்திரத்தின் அடுப்பு அவிந்தது.

கட்டடங்கள் சில இன்னும் நிற்கின்றன. ஒரத்தநாட்டு வழியாகப் போகிறவர்கள் சற்றே இறங்கி அந்தக் கல்தேரைப் பாருங்கள். உங்கள் ஊரிலும் பழைய சத்திரம் ஒன்று இருந்தால், அது இடிந்து விழுவதற்குள் ஊரார் கூடி ஓடு மாற்றிக் காப்பாற்றுங்கள்.