ஓஸ்தியாவுக்குப் போகும் வழி

உரோமை நகருக்கு வானூர்தியில் செல்பவர்கள் உண்மையில் உரோமையில் இறங்குவதில்லை. நகரத்துக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில், கடலோரமாக உள்ள ஃபியுமிச்சீனோவில் இறங்குகிறார்கள். லெயொனார்தோ தா வின்சியின் பெயர் தாங்கிய அந்த விமான நிலையம் 1961-இல் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. இறங்கியவர்கள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு, தொடர்வண்டியில் ஏறி, புனித பேதுரு பெருங்கோவிலின் குவிமாடத்தைத் தேடி நகரை நோக்கி விரைகிறார்கள். பத்துக் கிலோமீட்டர் அளவில் தெற்கே ஓஸ்தியா என்றொரு கடற்கரை ஊர் இருப்பதையும், ஒரு தாய் அங்கே தன் கடைசி ஒன்பது நாள்களைக் கழித்தாள் என்பதையும் நினைப்பவர் சிலரே. நானும் இரண்டு ஆண்டுகள் நினைக்காதவனாகவே இருந்தேன்.

விமான நிலையத்திலிருந்து ஓஸ்தியாவுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி தொடர்வண்டி. நகருக்குள் ஓஸ்தியென்சே நிலையம் வரை போய், அங்கே இறங்கி, கடற்கரைக்குச் செல்லும் வேறொரு வண்டியில் மறுபடியும் கடலை நோக்கித் திரும்ப வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதைதான். ஆயினும் அவ்வழியை நான் குறைகூற மாட்டேன். ஓஸ்தியென்சே என்றால் ஓஸ்தியாவுக்குரியது என்று பொருள். அந்தப் பழைய ஓஸ்தியா சாலையின் ஓரத்தில்தான், நம் முன்னோர் சின்னப்பர் என்று அழைத்த புனித பவுலை அடக்கம் செய்தார்கள். அவர் கல்லறையின்மேல் எழுந்த பெருங்கோவில் இன்றும் அங்கே நிற்கிறது.

இரண்டாவது வழி பேருந்து. விமான நிலைய வாசலில் ஏறினால், நகரத்தின் பக்கமே போகாமல் நேரே ஓஸ்தியாவின் புதிய கடற்கரை நகரமான லீதோவில் இறக்கிவிடும். 2001-ஆம் ஆண்டு சூலை மாதம், படிப்பை முடித்து ஊர் திரும்பிய நாளில் நான் இவ்வழியாகத்தான் போனேன். வானூர்தி இரவு ஒன்பது மணிக்கு. காலையிலேயே நிலையத்துக்கு வந்து, பெட்டிகளைப் பொருள் காப்பகத்தில் ஒப்படைத்துவிட்டு, கையில் ஒரு சிறு பையோடு பேருந்தில் ஏறினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்பதைப் பின்னர் சொல்கிறேன். அந்தப் பத்துக் கிலோமீட்டர் மண்ணை முதலில் பார்க்க வேண்டும்.

இன்று வானூர்திகள் இறங்கும் இடத்தையொட்டி அன்று கப்பல்கள் வந்து நின்றன. உரோமையின் மக்கள் உண்ட கோதுமை வட ஆப்பிரிக்காவிலிருந்தும் எகிப்திலிருந்தும் வர வேண்டியிருந்தது. தைபர் ஆற்றின் வாயிலோ மணல் மூடிக்கொண்டே இருந்தது. எனவே கி.பி. 42-இல் கிளவுதியு பேரரசர் ஆற்று வாய்க்கு வடக்கே ஒரு புதிய துறைமுகத்தைத் தொடங்கினார். அதன் கலங்கரை விளக்கத்துக்கு அடித்தளம் இட்ட விதம் வியப்பானது. எகிப்திலிருந்து மாபெரும் ஒற்றைக்கல் தூண் ஒன்றைக் கலிகுலா ஒரு தனிக் கப்பலில் கொண்டுவந்திருந்தான். அந்தக் கப்பலிலேயே கற்காரையை நிரப்பிக் கடலில் அமிழ்த்தி, அதன்மேல் விளக்கை எழுப்பினார்கள். கப்பல் கடலடிக்குப் போயிற்று. அது சுமந்துவந்த தூணோ 1586-இல் இடம்பெயர்ந்து, இன்று புனித பேதுரு சதுக்கத்தின் நடுவில் நிற்கிறது. திருத்தந்தையைக் காணக் கூடுவோர் அதன் நிழலில்தான் நிற்கிறார்கள்.

இத்துறைமுகமும் முழுப் பாதுகாப்பு அளிக்கவில்லை. கி.பி. 62-இல் அடித்த புயலில் துறைமுகத்துக்குள்ளேயே 200 கப்பல்கள் மூழ்கின என்று டாசிட்டஸ் எழுதுகிறார். அதனால் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிராஜன் பேரரசர், இன்னும் உள்ளே தள்ளி, அறுகோண வடிவில் ஓர் உள்துறையை வெட்டினார். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 358 மீட்டர். கடல் பின்வாங்கிவிட்டது; கிளவுதியுவின் துறை மண்ணாகிவிட்டது; டிராஜனின் அறுகோணம் மட்டும் ஓர் ஏரியாக அப்படியே கிடக்கிறது. விமான நிலையத்தைக் கட்டும்போது மண்ணுக்கடியிலிருந்து பழைய மரக்கலங்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவற்றுக்காக 1979-இல் நிலையத்தின் அருகிலேயே ஒரு காட்சியகம் திறந்தார்கள். 2002 முதல் நெடுங்காலம் மூடிக்கிடந்த அது 2021-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

இத்துறைமுகத்தில் இன்னொன்றும் இருந்தது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பம்மாக்கியு என்ற செல்வரும் பபியோலா என்ற பெண்மணியும் இங்கே அயலாருக்கென ஒரு விடுதி அமைத்தார்கள். நோயுற்ற பயணிகளும் ஏழைகளும் அங்கே தங்கலாம். பபியோலா இறந்தபோது புனித எரோணிமுசு எழுதிய கடிதத்தில் இதைப் பெருமையோடு குறிப்பிடுகிறார். விமான நிலையங்களில் நாற்காலிகளை இணைத்துப் போட்டு உறங்கும் நம் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம் பபியோலாவின் நினைவு எனக்கு வருவதுண்டு.

பேருந்து ஒரு கால்வாயைக் கடக்கிறது. அது டிராஜன் வெட்டியது. ஃபியுமிச்சீனோ, அதாவது சிற்றாறு, என்ற பெயர் அதனால் வந்ததே. சற்று நேரத்தில் தைபர் ஆற்றையும் கடக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்துக்குத் திருத்தீவு என்று பெயர். துறைமுகத்து மக்கள் தங்கள் இறந்தோரை அடக்கம் செய்த இடம் அங்கே இருக்கிறது. பேரரசர்களும் தளபதிகளும் அங்கு இல்லை. மருத்துவச்சி ஒருத்தி பிள்ளைப்பேறு பார்ப்பதுபோன்ற சுடுமண் சிற்பம் ஒரு கல்லறையின் முகப்பில் இருந்தது. கல்லறை கட்ட வசதியற்றவர்களைச் சாடிகளில் வைத்துப் புதைத்தார்கள். எண்ணெயும் திராட்சை மதுவும் கடல் கடந்து வந்த அதே மண்சாடிகள்!

ஆற்றைக் கடந்தால் ஓஸ்தியா. இலத்தீனில் வாய் என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்த பெயர். ஆறு கடலோடு கலக்கும் இடத்தை நாம் முகத்துவாரம் என்கிறோம். அவர்கள் வாய் என்றார்கள், அவ்வளவே வேறுபாடு. பழைய நகரத்தின் இடிபாடுகளில், ஆப்பிரிக்கத் துறைமுகங்களின் கப்பல் வணிகர்கள் வைத்திருந்த அலுவலக அறைகளை இன்றும் காணலாம். ஒவ்வொன்றின் முன்னும் தரையில் பதித்த சிறு கற்களால் கப்பலும் யானையும் கலங்கரை விளக்கும் வரைந்திருக்கிறார்கள். நகரின் விளிம்பில் ஒரு யூதத் தொழுகைக்கூடமும் உண்டு. மேற்கு ஐரோப்பாவில் இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று அது. விமான நிலையத்துக்குச் சாலை போட 1961-இல் மண்ணை வெட்டியபோதுதான் அது வெளிப்பட்டது. ஏழு கிளை விளக்குத்தண்டு செதுக்கிய கற்கள் அப்போது கிடைத்தன. பேருந்தில் போகிறவர்கள் அந்தச் சாலைக்கு நன்றி சொல்ல வேண்டும்!

இக்கடற்கரை நம் திருச்சபையின் பழைய நூல் ஒன்றிலும் இடம்பெறுகிறது. மினுசியு பெலிக்ஸ் எழுதிய 'ஒக்தாவியு' என்ற உரையாடல் நூலில் மூன்று நண்பர்கள் ஓஸ்தியாவின் கரையில் நடக்கிறார்கள். சிறுவர்கள் ஓட்டுச் சில்லுகளை அலைமேல் தத்த விட்டு விளையாடுகிறார்கள். பின்னர் நண்பர்கள் பாறைகளின்மேல் அமர்ந்து, கடவுள் ஒருவரா பலரா என்று வாதிடத் தொடங்குகிறார்கள். குருமடத்தில் அந்த வாதங்களைப் படித்தோம். எனக்கு நினைவில் நின்றதோ ஓட்டுச் சில்லுகள்தாம்.

கி.பி. 387-இல் இந்த ஊருக்குத்தான் மோனிக்கா அம்மையார் வந்தார். அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழாவின்போது மிலான் நகரில் அம்புரோசியாரின் கையால் அகுஸ்தினார் திருமுழுக்குப் பெற்றிருந்தார். தாயும் மக்களும் நண்பர்களும் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பும் கப்பலுக்காக ஓஸ்தியாவில் தங்கினார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கார்த்தேஜ் துறைமுகத்தில் நடந்தது வேறு கதை. உடன் வருவேன் என்று பற்றிக்கொண்ட தாயிடம், நண்பன் ஒருவனை வழியனுப்பப் போகிறேன் என்று பொய் சொல்லி, அவர் புனித சிப்பிரியானின் நினைவிடத்தில் வேண்டிக்கொண்டிருந்த இரவில் அகுஸ்தினார் கப்பலேறிவிட்டார். பின்னர் அத்தாய் தாமே கடல் கடந்து மகனைத் தேடி வந்தார். புயலில் கலங்கிய மாலுமிகளுக்கு அவரே ஆறுதல் கூறினாராம்.

இப்போது இருவரும் சேர்ந்து திரும்பப் போகிறார்கள். தங்கிய வீட்டின் சாளரத்தில் சாய்ந்து, உள்தோட்டத்தைப் பார்த்தபடி, தூயோரின் நிலைவாழ்வைப் பற்றி உரையாடுகிறார்கள். ஐந்தாறு நாள்களில் தாய்க்குக் காய்ச்சல். மூத்தோ இளையோ, நவிஜியு என்ற மற்றொரு மகன், அம்மா அயல்நாட்டில் இறக்காமல் சொந்த ஊரில் இறந்தால் நலம் என்கிறார். தாயின் பார்வை அவரைக் கடிந்துகொள்கிறது. அவ்வளவு நாளும் கணவர் பத்திரிசியுவின் பக்கத்தில் அடங்க வேண்டும் என்று தமக்கென இடம் அமைத்துவைத்திருந்தவர் அவர். இப்போது, இவ்வுடலை எங்கேனும் வையுங்கள், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்; எங்கிருந்தாலும் ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்கிறார். நோயின் ஒன்பதாம் நாள் காலமானார். வயது 56. மகனுக்கு 33.

அகுஸ்தினார் அழவில்லை. அழுத தம் மகன் அதேயோதாத்துவை மற்றவர்கள் அடக்கினார்கள். எவோதியு திருப்பாடல் நூலை எடுத்துப் பாடத் தொடங்கினார். அடக்கம் முடிந்து திரும்பியும் அகுஸ்தினாரின் நெஞ்சம் இளகவில்லை. குளித்தால் துயரம் போகும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்ததால் குளிக்கப் போனார். போன துயரத்தோடே திரும்பினாராம். இதை ஓர் ஆயர் மறைக்காமல் எழுதியிருப்பதால்தான் அவர் சொல்லும் மற்றவற்றையும் நான் நம்புகிறேன். உறங்கி விழித்த பின்னரே கண்ணீர் வந்தது. அந்தச் சிறுபொழுது அழுகைக்காக வாசகரிடம் பொறுமை கேட்கிறார். அவ்வாண்டு மாக்சிமு இத்தாலிமீது படையெடுத்துவந்தான். அகுஸ்தினார் 388 வரை உரோமையிலேயே தங்கிவிட்டார்.

இனி என் கதை. யூபிலி ஆண்டான 2000-இல், தவக்காலத்தில், கல்லூரியின் தாழ்வாரத்துத் தொலைபேசியில் என் அண்ணன் பேசினார். குருவான நாள் முதல் என்னைப் பெயர் சொல்லி அழைக்காதவர். "சாமி, அம்மா போயிட்டாங்க. ஐஸ் பெட்டியில நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வைக்கலாம்னு சொல்றாங்க. நீங்க வந்து சேர முடியுமா?" பயணச்சீட்டும் கிடைக்கவில்லை, கிடைத்திருந்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. மறுநாள் காலை சிற்றாலயத்தில் தனியாகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தேன். பிற்பகலில் வகுப்புக்குப் போனேன். நான் அழவில்லை என்பதைப் பக்குவம் என்று எண்ணிக்கொண்டேன். மோனிக்கா விரும்பியும் கைவிட்டது என் அம்மாவுக்குக் கிடைத்தது. அப்பாவின் பக்கத்திலேயே அடங்கினார். மோனிக்காவுக்குக் கிடைத்தது அவருக்குக் கிடைக்கவில்லை. படுக்கையருகே நான் இல்லை.

லீதோவில் இறங்கியபோது கடற்கரை முழுவதும் குடைகள். கறுத்த மணலில் குழந்தைகளின் கூச்சல். இந்தக் கரையோரம் ஒரு காலத்தில் சதுப்பு நிலமாக இருந்தது. 1884 முதல் இரவென்னா பகுதியிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் அதை வடித்தார்கள். மலேரியாவில் பலர் மாண்டார்கள். 1924-இல் உரோமையிலிருந்து இருப்புப்பாதை வந்த பிறகே இது நகரத்தார் குளிக்க வரும் கடற்கரையாயிற்று. நான் கடலைச் சற்றுப் பார்த்துவிட்டு, அந்த இருப்புப்பாதையிலேயே இரண்டு நிறுத்தம் திரும்பிப் போய்ப் பழைய ஓஸ்தியாவில் இறங்கினேன். கோட்டையையொட்டிய சிற்றூரில் புனித அவுரேயா கோவில் இருக்கிறது. நண்பகலாகையால் பூட்டியிருந்தது. மதில் நிழலில் நான்கு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

மோனிக்காவின் திருப்பண்டங்கள் அங்கே இல்லை. 1430-இல் அவற்றை உரோமைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அகுஸ்தினார் கோவிலில் இருக்கின்றன. ஓஸ்தியாவில் இருப்பது ஓர் உடைந்த பளிங்குத் துண்டு. அவருடைய கல்லறைக்காக அனிசியு பாசு என்ற உரோமைப் பெருமகன் இயற்றிய வரிகள் பழைய ஏட்டுப் படிகளில் மட்டும் வழங்கிவந்தன. 1945-இல் கோவிலை ஒட்டிய முற்றத்தில் இரண்டு சிறுவர்கள் பந்து விளையாட்டுக்குக் கம்பம் நடக் குழி தோண்டினார்கள். அக்குழியிலிருந்து அந்தக் கல்லின் ஒரு பகுதி கிடைத்தது. வரிகள் பாதிப் பாதியாக அறுபட்டு நிற்கின்றன.

கதவு திறந்தது. கோவிலைத் திறந்த மூதாட்டி எதுவும் கேட்கவில்லை. கல்லின்முன் நின்றேன். கற்ற இலத்தீனைக் கொண்டு எழுத்துகளைக் கூட்டிப் படிக்க முயன்றேன். இரண்டாம் வரிக்கு மேல் கண் தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்ல மாட்டேன். அகுஸ்தினார் சொன்னதைவிடச் சற்று அதிகம்.

மாலைப் பேருந்தில் விமான நிலையத்துக்குத் திரும்பினேன். இரண்டு நாள் கழித்து ஊர் சேர்ந்தபோது அண்ணன் என்னைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனார். இரண்டு குழிகளுக்கும் சேர்த்து ஒரே சிலுவை நாட்டி வெள்ளையடித்திருந்தார். செபித்து முடித்துத் திரும்பும்போது, "வழியில ஒண்ணும் சிரமம் இல்லையே சாமி?" என்று கேட்டார். வானூர்தி நேரத்துக்கு வந்தது என்று சொன்னேன். ஓஸ்தியாவைப் பற்றி அவரிடம் அன்று ஒன்றும் சொல்லவில்லை.