பாலிப் எப்போது புற்றுநோய் ஆகிறது?

பெருங்குடலின் உட்சுவரில் காளான் போல முளைக்கும் சிறு கட்டிதான் பாலிப். இது புற்றாக மாறுமா, இல்லை புற்றுநோய் தனியாகத்தான் வருமா? வெகுகாலம் நடந்த வாதம் இது. வெட்டி வாதமில்லை. 1969 வரை குடலின் மேல்பகுதியில் இருக்கும் பாலிப்பை எடுக்க வயிற்றைத் திறந்தாக வேண்டும்!

லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் கத்பர்ட் டியூக்ஸ், இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று 1926-லேயே எழுதினார். அதே மருத்துவமனையின் முட்டோ, பஸ்ஸி, மார்சன் மூவரும் 1975-ல் அதற்குக் கணக்கு காட்டினார்கள். அவர்கள் பார்த்த அடினோமா வகைப் பாலிப்புகளில், 1 செ.மீ.க்குக் குறைந்தவற்றில் 1.3 சதவீதத்தில்தான் புற்று இருந்தது, 2 செ.மீ.க்கு மேற்பட்டவற்றில் 46 சதவீதம். அளவு மட்டுமல்ல, நுண்ணோக்கியில் தெரியும் திசுவின் அமைப்பும் பேசியது. குழாய் குழாயாக இருந்தால் 4.8 சதவீதம், விரல் விரலாக நீண்டிருந்தால் 40.7. செல்கள் எவ்வளவு ஒழுங்கு கெட்டிருந்தனவோ அவ்வளவு ஆபத்து.

இதில் ஒரு வகை மட்டும் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டது. ரம்பப் பல் போன்ற ஓரமுள்ள பாலிப்புகளையெல்லாம் சாதுவானவை என்று ஒரே கூடையில் போட்டு வைத்திருந்தார்கள். அவற்றிலும் சில புற்றாக மாறும் என்பது 1990-க்குப் பிறகுதான் மெல்ல மெல்லத் தெளிவானது.