வாத்தியார் வீட்டுக்குப் போன டப்பா

மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ம் வருட நடத்தை விதிகளில் எனக்குப் பிடித்த வரி ஒன்று உண்டு. யாராவது எப்போதாவது போடும் ஒரு வேளைச் சாப்பாடு பரிசுக் கணக்கில் வராது. எங்கள் வங்கி விதிகளும் கிட்டத்தட்ட அதே ரகம்தான். சரி, ஒரு டப்பா முறுக்கு? அது சாப்பாடா, பரிசா? செம்பூரில் ஆகஸ்ட் கடைசியில் எங்கள் வீட்டில் வருஷா வருஷம் கிளம்பும் சர்ச்சை இது. கோகுலாஷ்டமியும் ஆசிரியர் தினமும் அடுத்தடுத்து வரும் (2015-ல் ஒரே நாள்!). சீடை எப்படியும் பொரிக்கிறோம், டீச்சருக்கும் கொஞ்சம் கொடுத்தால் என்ன என்பது தங்கமணியின் கட்சி.

செப்டம்பர் 5 பழைய சம்பிரதாயம் ஒன்றும் இல்லை. ராதாகிருஷ்ணன் ஜனாதிபதியான 1962-லிருந்துதான் அது ஆசிரியர் தினம். ஆனால் வாத்தியாருக்கு வீட்டிலிருந்து ஏதாவது போவது ரொம்பப் பழைய கதை. 1822-ல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுக்கப் பள்ளிக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள் என்று இருக்கிறது. பையன் ஒருவனுக்கு மாதம் நாலிலிருந்து எட்டணா சம்பளம். வாத்தியாரின் மொத்த வருமானம் ஆறேழு ரூபாயைத் தாண்டாது. இந்தக் காசுக்குத் தகுதியான ஆள் எப்படி வருவான் என்று மன்றோவே அலுத்துக்கொள்கிறார். மிச்சத்தைச் சரிக்கட்டியது ஊர்தான். அரிசி, காய்கறி, எண்ணெய் என்று வரும். நவராத்திரியில் பையன்களைக் கோலாட்டக் குச்சியோடு வீடு வீடாகக் கூட்டிப்போய்ப் பாட வைத்து வசூல் நடக்கும். அதில் நன்றி எவ்வளவு, சம்பளபாக்கி எவ்வளவு என்று எந்த ஆடிட்டராலும் பிரிக்க முடியாது :-)

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். போனதெல்லாம் பெரும்பாலும் சமைக்காத பொருள். அரிசிக்குத் தீட்டு இல்லை, சாதத்துக்கு உண்டு. எல்லா வீட்டு அரிசியையும் வாங்கிக்கொண்ட வாத்தியார் எல்லா வீட்டு அதிரசத்தையும் தின்றிருக்க மாட்டார். சில வீட்டுப் பிள்ளைகளுக்குத் திண்ணையே கிடையாது என்பது வேறு விஷயம். எங்கள் நெல்லைச் சீமையில் சேரன்மாதேவி குருகுலம் உடைந்தது சாப்பாட்டுப் பந்தியில்தானே? வ.வே.சு. ஐயர் நடத்திய தேசியப் பள்ளி அது. இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள் என்று 1924-25-ல் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கிளப்பிய புயலில் தமிழ்நாட்டு அரசியலே திசை திரும்பியது.

மராட்டியப் பக்கமும் இதே கதைதான். சாதாராவில் சின்னப் பையனாக இருந்த அம்பேத்கருக்கு ஒரு பிராமண ஆசிரியர் தினமும் தன் சாப்பாட்டில் பங்கு கொடுப்பாராம். ஆனால் தொட்டுவிடாமல், மேலேயிருந்து கையில் போடுவார். தனஞ்சய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. பிறகு பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அவரைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டபோது, பலகைக்குப் பின்னால் இருந்த டிபன் டப்பாக்களை எடுக்க மற்ற பையன்கள் ஓடினார்கள். ஆசிரியரின் அன்பு உண்மைதான், இடைவெளியும் உண்மைதான். எனக்கு அந்த ஆசிரியர்மேல் கோபம் வரவில்லை, ஆனால் அந்தக் கை விழுந்த உயரத்தை மறக்கவும் முடியவில்லை.

அதனால்தான் தாராவி எனக்கு முக்கியமாகப் படுகிறது. தோல் பதனிடும் வேலைக்கு நெல்லைப் பக்கத்திலிருந்து தாழ்த்தப்பட்ட மக்கள் நூறு வருஷத்துக்கு முன்பே வந்து சேர்ந்த இடம். வீட்டு வாசலில் அடுப்பு வைத்து முறுக்கும் அதிரசமும் போட்டு மும்பைக் கடைகளுக்கு அனுப்பும் பெண்கள் அங்கே ஏராளம். மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று (தமிழ்ப் பிரிவுகள் சுருங்கிக்கொண்டே வருகின்றன, அந்த வயிற்றெரிச்சல் தனிப்பதிவு). அந்த வகுப்புகளுக்கு முறுக்குச் சுடும் அம்மா எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்புகிறாள், டீச்சர் பிரித்து எல்லார் முன்னாலும் ஒன்றைக் கடிக்கிறார். கூலிக்கு நூற்றுக்கணக்கில் சுடுகிறவள் கூலி இல்லாமல் சுட்ட பத்து முறுக்கு அது. இந்தக் கடி திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நடந்திருக்காது.

இப்போது பல பள்ளிகள் பரிசே கூடாது என்று சுற்றறிக்கை விடுகின்றன. காரணம் புரிகிறது. ஒருவர் வாட்ச் கொடுத்தால் அடுத்தவர் புடவை கொடுப்பார், ஒன்றும் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை கூனிக் குறுகும். ஆனால் வாட்சையும் சீடையையும் ஒரே தலைப்பில் பற்று எழுதுவதை ஒரு பி.காம்.காரனாக ஒத்துக்கொள்ள மாட்டேன். சாலில் பத்துப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கும் அக்காவுக்குப் பலகாரம் மட்டும் கொடுத்து ஃபீஸை இழுத்தடிப்பவர்களையும் எனக்குத் தெரியும். அது நன்றியே இல்லை, மன்றோ காலத்துப் பாக்கி.

சீடை அனுப்புகிறவர்களுக்கு: மாவை இரண்டு தரம் சலியுங்கள், உருண்டைகளை ஊசியால் குத்துங்கள், இல்லாவிட்டால் எண்ணெயில் வெடிக்கும். எவர்சில்வர் டப்பா வேண்டாம். வெறும் டப்பாவைத் திருப்பித் தரக்கூடாது என்று மராட்டிய டீச்சர்களும் நம்மைப் போலவே நினைக்கிறார்கள். போன தடவை எங்கள் டப்பா நிறைய சிவ்டாவோடு வந்து சேர்ந்தது.