அமைப்புகளின் சாவி யாரிடம்?

இணையதளம் ஒன்றின் உரிமையாளர் தம் தளத்தில் நூறு கட்டுரைகளை எழுதலாம், திருத்தலாம், நீக்கலாம். பக்கத்தின் அடியிலுள்ள தொலைபேசி எண்ணை மாற்ற வேண்டுமெனில், தளத்தை உருவாக்கித் தந்தவருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். இந்த அதிகாரப் பங்கீட்டிற்கு ஒரு வரலாறு உண்டு. வேர்டுபிரஸ் என்னும் ஒரே மென்பொருளை வைத்து அதைச் சொல்ல முயல்கிறேன்.

2003இல் தொடங்கிய வேர்டுபிரஸில் பயனர் அதிகாரம் முதலில் 0 முதல் 10 வரையிலான எண்களால் குறிக்கப்பட்டது. 2005 டிசம்பரில் வெளிவந்த 2.0 பதிப்பு எண்களைக் கைவிட்டுப் பெயர்களைச் சூட்டியது: சந்தாதாரர், பங்களிப்பாளர், எழுத்தாளர், பதிப்பாசிரியர், நிர்வாகி. மொழியியல் மாணவன் என்ற முறையில் இப்பெயர்கள் என்னை ஈர்த்தன. முதல் நான்கும் இதழ் அலுவலகத்திலிருந்து வந்தவை. ஐந்தாவது கணினி அறையிலிருந்து வந்தது. தளம் முழுமைக்குமான அமைப்புகள் யாவும் அந்த ஐந்தாமவரிடமே ஒப்படைக்கப்பட்டன. அதுவும் 'மேனேஜ் ஆப்ஷன்ஸ்' என்னும் ஒற்றை உரிமையாக. தளத்தின் பெயரை மாற்றுவதும் அதன் முகவரியை மாற்றுவதும் அவ்வுரிமைக்கு ஒன்றே. பெயரில் பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ளலாம். முகவரியில் நேர்ந்தாலோ, திருத்துவதற்கு உள்ளே நுழையும் வாயிலே அடைபட்டுவிடும். வாடிக்கையாளருக்குப் பதிப்பாசிரியர் பொறுப்பை மட்டும் தருகின்ற வழக்கம் வேரூன்றியதை வெறும் ஆணவம் என்று நான் கருதவில்லை. ஆயினும் 2010இல் 3.0 பதிப்பு கொணர்ந்த பட்டியல் வசதியும் பதிப்பாசிரியரின் கைக்கு எட்டாமல் போனதற்கு அத்தகைய நியாயம் எதுவும் இல்லை.

மொழித்தேர்வின் கதை இன்னும் சுவையானது. தளத்தின் மொழி நெடுங்காலம் ஓர் அமைப்பாகவே இருக்கவில்லை. வழங்கியிலுள்ள கோப்பு ஒன்றில் எழுதப்பட்ட ஒரு வரியாக இருந்தது. தமிழ் வேண்டுவோர் இந்தியத் தமிழுக்கு ஒன்றும் இலங்கைத் தமிழுக்கு ஒன்றுமாக உள்ள குறியீடுகளில் ஒன்றை அவ்வரியில் இட வேண்டும். கோப்பைத் திறக்க இயலாதவருக்கு மொழியும் இல்லை. 2014 செப்டம்பரில் 4.0 பதிப்பு இதைத் தரவுத்தளத்திற்கு மாற்றி, அமைப்புகள் பக்கத்தில் ஒரு தெரிவாக வைத்தது. ஆனால் அத்தெரிவு எல்லோருக்கும் பொதுவானது: தமிழைத் தேர்ந்தால், தமிழறியாத நிரலாளரின் நிர்வாகத் திரையும் தமிழாகிவிடும். ஒவ்வொருவரும் தமக்கென மொழி வைத்துக்கொள்ள 2016 டிசம்பரின் 4.7 பதிப்பு வரை காத்திருக்க நேர்ந்தது. பன்மொழி நாட்டில் வாழும் நமக்கு இது முதல் நாளே தோன்றியிருக்கும்!

முகவரி இதற்கு எதிர்த்திசையில் பயணிக்க வல்லது. அதனைக் கோப்பில் எழுதிவிட்டால், அமைப்புகள் பக்கத்திலுள்ள கட்டம் மங்கி, எவராலும் திருத்தவியலாததாகிவிடும்.

நான் உதவியாளனாக இருந்த ஓர் ஆய்வுத் திட்டத்தின் தளத்தில் இவ்விரு துன்பங்களையும் கண்டேன். பேராசிரியர் பதிப்பாசிரியராக இருந்தவரை சிறு திருத்தங்கள்கூட வாரக்கணக்கில் தேங்கின. சலித்துப்போய் அவரை நிர்வாகி ஆக்கினோம். வாசிப்பு அமைப்புகளின் அடியில், தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் சிறு கட்டம் ஒன்று உண்டு. அதில் எப்போதோ குறி விழுந்துவிட்டது. ஒரு பருவம் முழுவதும் எங்கள் சொற்தொகுப்பு தேடலில் அகப்படவில்லை. களப்பணியில் சொற்களைத் தந்த ஊரார் அதைத் தேடிக் காணாமல் எங்களைக் கேட்டபோதுதான் செய்தியே தெரிந்தது.

2012இல் மாற்றத்தை முன்கூட்டியே காட்டும் திரையும், 2022இல் தளம் முழுவதையும் கண்முன் திருத்தும் வசதியும் வந்தன. இரண்டும் திருத்துவதை எளிதாக்கினவேயன்றி, யார் திருத்தலாம் என்பதை மாற்றவில்லை. ஆகவே நாங்களே புதிய பொறுப்பு ஒன்றை உருவாக்கித் தோற்றத்திற்குரிய உரிமையை மட்டும் அதில் சேர்த்தோம். அடிப்பகுதியையும் பட்டியலையும் இப்போது பேராசிரியரே மாற்றிக்கொள்கிறார். தளத்தின் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்த மட்டும் இன்றும் என்னைத்தான் அழைக்கிறார்.