டொனால்டோட 'யெஸ்'

அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலத்துல ஃபாரஸ்ட்னு ஒரு சின்ன ஊர். 1938-ல அங்கிருந்த ஒரு வக்கீல், தன்னோட அஞ்சு வயசுப் பையன் டொனால்டைப் பத்தி 33 பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். அது போய்ச் சேர்ந்தது பால்டிமோர்ல இருந்த குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர்கிட்ட. 1943-ல கானர் 11 குழந்தைகளைப் பத்தி எழுதின புகழ்பெற்ற கட்டுரையில முதல் குழந்தை இந்த டொனால்டுதான்.

அதுல ஒரு விஷயம் வருது. "'யெஸ்'னு சொன்னா தோள்ல தூக்கி வச்சுக்கறேன்"னு அப்பா சொல்லியிருக்கார். அன்னியிலேர்ந்து டொனால்டுக்கு 'யெஸ்'னா 'ஆமாம்' இல்லை, 'என்னைத் தோள்ல தூக்கு'! அது மாறப் பல மாசம் ஆச்சாம். பக்கத்துல இருந்து கவனிச்சு எழுதினதாலதான் இது தெரிஞ்சுது. எண்ணிக்கை மட்டும் எடுத்திருந்தா, 'யெஸ் சொல்கிறான்'னு ஒரு டிக்கோட முடிஞ்சிருக்கும்.

ஆனா பாருங்க, அதே கட்டுரை கடைசியில, இந்தப் பெற்றோர்கள்ல பாசமானவங்க ரொம்பக் கம்மின்னும் சொல்லுது. அது வளர்ந்து வளர்ந்து, 1967-ல புரூனோ பெட்டல்ஹைம் புத்தகம் வரைக்கும் போய், பழி முழுக்க அம்மாக்கள் தலையில விழுந்தது. ஆட்டிசம் உள்ள ஒரு பையனோட அப்பாவான பெர்னார்ட் ரிம்லாண்ட், 1964-லயே இது உடல் சார்ந்த விஷயம்னு வாதாடி எழுதியிருந்தும்கூட.

இத்தனை பேர் பேசினாங்களே, சம்பந்தப்பட்டவங்களை யாராவது கேட்டாங்களா?

1986-ல டெம்பிள் கிராண்டின் தன் கதையைப் புத்தகமா எழுதினார். 1993-ல டொரண்டோ மாநாட்டுல ஜிம் சின்க்ளேர், "எங்களுக்காக அழாதீங்க"ன்னு பெற்றோர்கள்கிட்டயே பேசினார். ரெண்டு பேரும் ஆட்டிசம் உள்ளவங்க. 2012-ல டேமியன் மில்டன், அவரும் அப்படித்தான், இன்னொண்ணு சொன்னார்: புரியாமப் போறது ஒரு பக்கத்துக் குறை இல்லை, அவங்களுக்கு நம்மைப் புரியாத மாதிரியே நமக்கும் அவங்களைப் புரியலை.

இப்பல்லாம் சில ஆய்வாளர்கள் கேள்விகளை முன்னாடியே அனுப்பிடறாங்க. நேர்ல பேச முடியலையா, தட்டச்சு பண்ணி அனுப்பலாம். கேள்வியைத் தயாரிக்கிறதுலயே ஆட்டிசம் உள்ளவங்களைச் சேர்த்துக்கறதும் உண்டு. ஆனாலும் பேச்சே வராதவங்க குரல் இந்த ஆய்வுகள்ல ரொம்பக் குறைச்சல்தான்.

டொனால்ட் பேங்க்ல வேலை பார்த்து, கோல்ஃப் ஆடி, பல நாடு சுத்தி, 2023-ல 89 வயசுல காலமானார்.

அடுத்த தடவை அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தா, "இவனுக்கு என்ன?"ன்னு அம்மாகிட்ட கேக்காதீங்க. அவன்கிட்டயே பேசிப் பாருங்க. பதில் வர நேரமானா, காத்திருங்க. அவனோட 'யெஸ்'க்கு என்ன அர்த்தமோ, யாருக்குத் தெரியும்!