கவனத்தைக் கோரும் பொருள்கள்: இணையப் பொருள்களின் வரலாற்றில் கலையும் மானுடப் புலங்களும்

முன்னுரை

இணையத்தோடு இணைந்த பொருள்களின் வரலாறு பெரும்பாலும் சில்லு, உணர்வி, கம்பியில்லாத் தொடர்பு ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ‘பொருள்களின் இணையம்’ என்ற தொடரைக் கெவின் ஆஷ்டன் 1999இல் சரக்குகளைத் தடமறிவது குறித்த உரை ஒன்றில் ஆண்டார். ஒரு பொருள் மனிதரின் கவனத்தை எவ்வளவு கோரலாம் என்ற கேள்வியோ அதற்கு முன்பே எழுந்துவிட்டது. அதை வளர்த்ததில் மானுடவியலாளர்க்கும் கலைஞர்க்கும் உள்ள பங்கை இக்கட்டுரை காலவரிசையில் ஆராய்கிறது.

நகல் எந்திரமும் கூரைக் கயிறும்

கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் மானுடவியலாளர் லூசி சச்மன், நகல் எந்திரத்தின் முன் மக்கள் தடுமாறுவதைப் படம்பிடித்து ஆராய்ந்தார். மனிதர் முன்கூட்டி வகுத்த திட்டப்படி இயங்குவதில்லை, சூழலுக்கேற்பவே செயல்படுகிறார்கள் என்று 1987இல் வெளியான அவரது நூல் வாதிட்டது. அதே ஆய்வகத்தின் மார்க் வைசர், 1991இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில், எழுத்தைப் போலக் கணினியும் அன்றாட வாழ்வின் பின்புலத்தில் கரைய வேண்டும் என்றார். ஹைடெகர், போலானி ஆகியோரின் தத்துவம் அவர் சிந்தனைக்குத் துணைநின்றது.

இந்தக் கருத்துக்கு உருவம் கொடுத்தவர் கலைஞர் நாட்டலி ஜெரமிஜென்கோ. கூரையில் பொருத்திய சிறு மோட்டாரிலிருந்து 8 அடி நீள நெகிழிக் கயிற்றை அவர் தொங்கவிட்டார். மோட்டார் ஈதர்நெட் வடத்தோடு இணைக்கப்பட்டது. தரவுப் போக்குவரத்து மிகுந்தால் கயிறு சுழன்று இரைந்தது. குறைந்தால் எப்போதாவது துடித்தது. அருகில் வேலை செய்தவர்கள் எந்தத் திரையையும் பார்க்காமலே வலையமைப்பின் நிலையை உணர்ந்தார்கள். வைசரும் ஜான் சீலி பிரவுனும் 1995இல் ‘அமைதியான தொழில்நுட்பம்’ என்ற கருத்தை விளக்க இதையே சான்றாகக் காட்டினர்.

தொலைவிலிருந்து நீர் வார்த்தல்

அதே ஆண்டு கென் கோல்ட்பெர்க், ஜோசப் சாந்தரோமானா உள்ளிட்டோர் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ‘டெலிகார்டன்’ என்ற தோட்டத்தை நிறுவினர். எங்கோ இருப்பவர்கள் இணையம் வழியே எந்திரக் கையை இயக்கி விதை ஊன்றினார்கள், நீர் வார்த்தார்கள். 1996இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகருக்கு மாறிய இத்தோட்டம் 2004 வரை அங்கு இருந்தது. செடி வளரும் வரை காத்திருக்கச் செய்த இப்படைப்பு, கவனம் என்பதற்குப் பராமரிப்பு என்ற பொருளையும் தந்தது.

கருவி கைமாறியது

இத்தகைய படைப்புகளைக் கலைஞர்களே செய்ய உதவும் கருவிகளும் பின்னர் வந்தன. 2001இல் கேசி ரீயஸும் பென் ஃபிரையும் காட்சிக் கலைஞர்களுக்காக ‘பிராசசிங்’ நிரல்மொழியைத் தொடங்கினர். அந்த வழியில் எர்னாந்தோ பராகான், இத்தாலியின் இவ்ரேயா வடிவமைப்பு நிறுவனத்தில் 2003இல் ‘வயரிங்’ மின்னணுப் பலகையை உருவாக்கினார். அதன் தொடர்ச்சியாக 2005இல் ‘ஆர்டுயினோ’ வந்தது. இன்று பொறியியல் மாணவர் மேசையிலும் இருக்கும் இப்பலகை, மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களை மனத்தில்கொண்டு பிறந்தது.

மடத்துக்குள் ஒரு செய்தி

2010 வாக்கில் பில் கேவரின் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் குழு, யார்க் நகரின் கிளாரா சபைத் துறவியர்க்கு ‘பிரேயர் கம்பேனியன்’ என்ற சிறு கருவியைச் செய்து கொடுத்தது. இணையத்திலிருந்து எடுத்த செய்தி வரிகள் அதன் மேற்பரப்பில் மெல்ல ஊர்ந்தன. ஒலியெழுப்பி அழைக்காமல், உலகின் துயரை வேண்டுதலுக்குரிய பொருளாக அது முன்வைத்தது.

முடிவுரை

கயிறு, தோட்டம், மடத்துக் கருவி ஆகிய மூன்றிலும் இணைப்புக்கு நிகராக, அது மனிதரிடம் எதைக் கேட்கிறது என்பதும் வடிவமைப்புக்கு உட்பட்டது. ஆகவே கலையும் மானுடப் புலங்களும் முடிந்த பொருளுக்கு மெருகேற்ற வந்தவை அல்ல. பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே வகுத்தவை. வீட்டுக்குள் ஒரு கருவி ஒலியெழுப்பும்போதெல்லாம், அது நம் கவனத்தை எவ்வளவு கோரலாம் என்ற கேள்வி திரும்ப எழுகிறது. அத்தகைய கருவியை வடிவமைக்கும் மேசையில் மானுடவியலாளர்க்கும் கலைஞர்க்கும் இடம் வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் முடிவு.